மீட்டருக்குப் புது முகம்

மியான்மரின் மோல்மீன் மழையை எந்த ஸ்பீடோமீட்டர்தான் தாங்கும்? என் பழைய ஹோண்டா சிஜி 125 பைக்கில் மீட்டர் கண்ணாடிக்குள் ஈரம் படர்ந்து, முள் 40-க்கும் 60-க்கும் நடுவே ஆடிக்கொண்டே இருந்தது. முள் ஆடினால் உடனே மீட்டரை மாற்றச் சொல்வார்கள். முதலில் கேபிளைப் பாருங்கள். முன்சக்கரத்திலிருந்து வரும் உள்கம்பியை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கீழ்ப்பாதிக்கு மட்டும் கிரீஸ் தடவினேன். மேல்முனை வரை தடவினால் மீட்டருக்குள் ஏறிவிடும். பாதி ஆட்டம் நின்றது.

மிச்சம் உள்ளே. காந்தம் சுழலும்போது, அதைத் தொடாமலே அலுமினியக் கிண்ணம் இழுபடும். மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். அவ்வளவுதான் ஸ்பீடோமீட்டர். காந்தத் தண்டுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது.

டயல் வெளுத்திருந்ததால் ஸ்கேன் செய்து ஸ்டிக்கரில் அச்சடித்தோம். வெளிவட்டத்தில் பர்மிய எண்கள், உள்ளே ௨௦, ௪௦, ௬௦ என்று தமிழ் எண்கள். பையன் யோசனை!

ஸ்டிக்கரை ஒட்ட முள்ளைக் கழற்றும் முன், அது சாய்ந்து நிற்கும் தடுப்பு ஊசிக்கு மேலே தூக்கிவிட்டு, அது தானாக எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பவும் அதே இடத்தில் பொருத்த வேண்டும். இல்லையென்றால் காட்டுகிற வேகம் பொய்.

அப்புறம், மீட்டர் பல்புக்குப் பதில் எல்இடி போடுகிறவர்களுக்கு: என் வண்டியில் இடது, வலது இன்டிகேட்டர் வயர்களுக்கு நடுவே ஒரே பல்பு. எல்இடி மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும், அதனால் அங்கே சாதாரண எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் மின்னும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டு, எல்இடியின் மறுமுனையை எர்த்துக்குக் கொடுக்க வேண்டும். நான் பழைய பல்பையே விட்டுவிட்டேன்.