ஐப்பசியில் பழுக்கும் மாம்பழம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஆஸ்திரேலியாவின் வட ஓரத்தில், டார்வினில், மூத்த மகள் வீட்டில் இருந்தேன். மேற்கு மாம்பலத்தில் விடாத மழை, வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் என்று தம்பி தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். நானோ புழுக்கம் தாங்காமல் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் மாம்பழம்! மாலையானால் மேகம் திரளும், இடிக்கும், பெரும்பாலும் பெய்யாமலே கலைந்துவிடும். பருவமழை வந்து சேரும்வரை ஊரே சிடுசிடுவென்றுதான் இருக்கும் என்றாள் மகள்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகை. டார்வின் தெற்கே ஏறக்குறைய 12.5. சூரியன் தெற்கே சாயச் சாய மழையும் தெற்கே இறங்குகிறது. நமக்கு ஓய்ந்த பிறகு, மார்கழி, தையில் அங்கே பிடித்துக்கொள்கிறது.

பேரன் அப்போது இரண்டாம் வகுப்பு. பருவங்கள் என்று நான்கு கட்டம் போட்டுப் பூ, சூரியன், உதிரும் இலை, பனி என வரைந்திருந்தான். "டார்வினில் பனி ஏதடா கண்ணா?" என்று கேட்டேன்.

"சித்தி ஊர் மலையில் இருக்கிறதே, பாட்டி!"

அவன் சொன்னதும் சரிதான். இளையவள் தாஸ்மானியாவின் ஹோபார்ட்டில் இருக்கிறாள், தெற்கே 43 பாகையில், டார்வினிலிருந்து 30 பாகை தள்ளி. சென்னையிலிருந்து வடக்கே அதே 30 பாகை போனால் கஜகஸ்தானின் அல்மாட்டி வந்துவிடும். ஒரே நாட்டில் இருக்கும் இரண்டு மகள்களுக்கும் ஒரே மாதிரித் துணிமணி வாங்கிப்போனது என் தவறு.

நடுவில் பாலை. அந்த அட்சரேகைகளில் மேலிருந்து காற்று இறங்கி அழுத்துவதால் மேகம் கூடுவதில்லை. அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில் இந்த உயரழுத்தப் பட்டை வடக்கே நகர, மேலைக்காற்று தென்கரைக்கு மழை கொண்டுவருகிறது. அதனால் ஜூனில் தென்மேற்கு ஓரத்து நகரமான பெர்த் நனைகிறது. டார்வின் வானமோ துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டாவில் 1960-இல் 50.7 டிகிரி வெயில். நியூ சவுத் வேல்ஸ் மலையிலுள்ள சார்லட் பாஸில் 1994-இல் பூஜ்யத்துக்குக் கீழே 23. இத்தனையையும் நான்கு கட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

டார்வினுக்குக் கிழக்கே உள்ள காக்கடு வனப்பகுதிக்குப் போனபோது விடை கிடைத்தது. அந்த மண்ணின் மக்களான பினிஞ்சுகளுக்குப் பருவம் ஆறு. நான் வியர்த்துக்கொண்டிருந்த அந்தப் புழுக்க நாட்களுக்கே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்: குனுமெலெங். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியையாகக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பாடம் நடத்தியவள் நான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நம் கணக்கிலும் ஓர் இடறல் உண்டு. கார்காலம் ஆவணி, புரட்டாசி; சென்னைக்குப் பெருமழையோ கூதிரில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும். வகுப்பில் இதை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். அவரவர் ஊர் மழையைக் குறித்துவரச் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் இன்னும் நன்றாக அமைந்திருக்கும்.

அன்றிரவு பேரனுடன் உட்கார்ந்து புதிதாக ஆறு கட்டம் போட்டோம். குனுமெலெங்கில் அவன் ஒரு மாம்பழமும் கறுத்த மேகமும் வரைந்தான். அந்தத் தாள் இப்போது என் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. வெளியே கார்த்திகை மழை. இன்று காலை மகள் பேசினாள்: மாம்பழம் முடியப்போகிறதாம், மழைதான் இன்னும் வரவில்லையாம்.