கைக்காசில் போன அலுவலகப் பயணமும் வரிக்கழிவும்

பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் புறநகரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான், ஒஹையோவின் கொலம்பஸில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு அவ்வப்போது நேரில் போயாக வேண்டும். பெட்ரோல், விடுதி, பார்க்கிங் என எதற்கும் நிறுவனம் அப்போது பணம் தரவில்லை. 2024ஆம் ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்தபோது இச்செலவுக்குக் கழிவு (வரிக்குரிய வருமானத்திலிருந்து செலவைக் குறைத்துக்கொள்வது) கோரிய அனுபவத்தை, இதே நிலையில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

ஃபெடரல் வரியில் சம்பளக்காரர்களுக்கு அநேகமாக வழியே இல்லை. முன்பு, செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிப்பவர்கள் இத்தகைய செலவில் தம் வருமானத்தின் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட பகுதியைக் கோர முடிந்தது. 2017 டிசம்பரில் வந்த சட்டம் அதை 2018 முதல் 2025 வரை நிறுத்திவைத்தது, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. இச்செலவைக் கோருவதற்கான ஃபார்ம் 2106 இன்றும் இருந்தாலும், அது ராணுவ ரிசர்வ் படையினர், குறிப்பிட்ட தகுதியுள்ள நிகழ்த்துகலைஞர்கள், கட்டண அடிப்படையில் பணிபுரியும் மாநில, உள்ளாட்சி அதிகாரிகள், பணிசார்ந்த தனிச் செலவுள்ள மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மட்டுமே. "நான் வருடாவருடம் கழிக்கிறேனே" என்று சொல்லும் நண்பரை விசாரித்தால், அவர் சம்பளம் வாங்காமல் 1099 படிவத்தின்பேரில் பணம் பெறும் ஒப்பந்தக்காரராக இருப்பார். அவர் கணக்கு வேறு, டபிள்யூ-2 என்ற வருடாந்தரச் சம்பளச் சான்று பெறும் ஊழியரின் கணக்கு வேறு.

மாநில வரியில் கதை மாறுகிறது. பென்சில்வேனியா, பிஏ-40 என்ற தன் வருமான வரிப் படிவத்துடன் ஷெட்யூல் யூஇ என்ற இணைப்பையும் சேர்த்து, நிறுவனம் ஈடுசெய்யாத பணிச்செலவுகளைக் கழிக்க இன்னும் அனுமதிக்கிறது. 2 சதவீத வரம்பும் அங்கில்லை. வசிக்கும் மாநிலமே சம்பளத்துக்கு வரி வாங்கும் என்று ஒஹையோவுடன் பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால் என் சம்பளத்துக்கு மாநில வரி பென்சில்வேனியாவுக்குத்தான் போகிறது.

சிக்கலான இடம் ஒன்றே: வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போய்வரும் செலவு எங்கும் கழிவாகாது. கொலம்பஸ்தான் என் பணியிடம் என்று கருதப்பட்டால் முழுக் கோரிக்கையும் விழுந்துவிடும். எனது நியமனக் கடிதத்தில் வீட்டு முகவரியே பணியிடம் என்று எழுதப்பட்டிருந்தது உதவியது. அத்துடன், இப்பயணங்கள் கட்டாயம் என்பதையும் செலவு ஈடுசெய்யப்படவில்லை என்பதையும் உறுதிசெய்யும் ஒரு கடிதத்தை மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே வாங்கிவைத்தேன். மாநில வருவாய்த் துறை ஆதாரம் கேட்டபோது அந்தக் கடிதமும், தேதி, இடம், காரணம், மைல் ஆகியவற்றைப் பயணம் முடிந்த அன்றே குறித்துவைத்த ஏடும், விடுதி ரசீதுகளும் போதுமானவையாக இருந்தன. நிறுவனம் தரத் தயாராக இருந்தும் நாம் கேட்காமல் விட்ட செலவைப் பிறகு கழிவாகக் கோர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் கிடைப்பது எவ்வளவு? ஒரு முறை வீட்டிலிருந்து போய்வர ஏறத்தாழ 370 மைல். 2024இல் ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் நிர்ணயித்த மைலுக்கு 67 சென்ட் கணக்கில் 247.90 டாலர் கழிவு. மாநில வரி 3.07 சதவீதம் என்பதால் மிச்சமாவது 7.61 டாலர். அதே ஷெட்யூலை உள்ளூர் வருமான வரிக் கணக்கிலும் இணைக்கலாம். எங்கள் ஊரில் 1 சதவீதம் என்பதால் இன்னும் இரண்டரை டாலர். வழியில் ஸேன்ஸ்வில்லில் நிறுத்திச் சாப்பிடும் காபிக்கும் சாண்ட்விச்சுக்கும் சரியாகப் போய்விடும்.

ஆகவே அந்த ஏட்டையே எடுத்துக்கொண்டு நிறுவனத்திடம் பேசினேன். செலவு பணி தொடர்பானது என்று காட்டி, 60 நாட்களுக்குள் கணக்குக் கொடுத்து, மிஞ்சிய முன்பணத்தை 120 நாட்களுக்குள் திருப்பும் விதிகளோடு ஒரு திட்டம் இருந்தால், ஊழியருக்குத் தரும் தொகை சம்பளமாகக் கருதப்படாது. டபிள்யூ-2இன் வருமானத்தில் சேராது, நிறுவனமும் அதன்மீது சம்பள வரி கட்ட வேண்டியதில்லை. கணக்குக் கேட்காமல் மாதாமாதம் படியாகக் கொடுத்தாலோ இருதரப்புக்கும் வரி உண்டு. நிதிப் பிரிவின் காதில் விழுந்தது, அவர்கள் பங்கு வரி மிச்சம் என்ற அந்தக் கடைசி வாதம்தான் என்று நினைக்கிறேன். 2025 முதல் ஐஆர்எஸ் விகிதப்படியான மைல் தொகையையும் (அந்த ஆண்டில் மைலுக்கு 70 சென்ட்) விடுதிக் கட்டணத்தையும் நிறுவனமே தருகிறது. அந்த ஆண்டுக் கணக்கில் எனக்கு ஷெட்யூல் யூஇ தேவைப்படவில்லை.