வண்டியூர்த் துண்டு

மே 17

பெரியப்பா பாடிய அழகர் வர்ணிப்பை இன்றுதான் கணினியில் ஏற்றினேன். மேலூர் பக்கம் அவர் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்தது. ரெக்கார்டர் முகத்துக்கு நேரே; என் செல்போன் தொடையில் தாளம் தட்டும் கைக்குப் பக்கத்தில். ஆக இரண்டு டிராக், ஒரு மணி பத்து நிமிடம். வெட்டி ஒட்ட ரீப்பர் மென்பொருள்.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்மலையிலிருந்து மதுரைக்குச் சாமி போகிற வழியெல்லாம் பாட்டில் இருக்கிறது. காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பிடம் விடைபெறுவது, தல்லாகுளத்தில் ஊரார் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை, தங்கக்குதிரையில் வைகையில் இறங்குவது, வண்டியூர், தேனூர் மண்டபத்தில் தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். எதிர்சேவையை மட்டும் விட்டுவிட்டு ஆற்றில் இறங்கிய பிறகு, "இரு தாயி, விட்டுட்டேன்" என்று திரும்பி வந்து பாடினார். அதை அதன் இடத்தில் வைக்கவேண்டும்.

மே 18

ரீப்பரில் எஸ் எழுத்தைத் தட்டினால் திரையில் கோடு நிற்கும் இடத்தில் பதிவு துண்டாகிறது. குரல் துண்டைச் சொடுக்கித் தேர்ந்திருந்தால் குரல் மட்டும்தான் வெட்டுப்படும், தாளம் முழுசாக நிற்கும். எதையுமே தேராமல் தட்டினால் கோட்டுக்குக் கீழே இருக்கிற எல்லாமே வெட்டுப்படும். காலையில் எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் வெட்டி நகர்த்தி, பெரியப்பாவின் குரல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போனது. கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

வலது பொத்தானை அழுத்தி இழுத்து இரண்டு டிராக்கையும் சேர்த்து ஒரு கட்டம் போட்டால், அதற்குள் படுகிற துண்டுகள் எல்லாம் தேர்வாகின்றன. பிறகு ஜி தட்டினால் அவை ஒரே குழு. இனிமேல் குரலைத் தொட்டால் தாளமும் கூடவே வரும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மே 20

எதிர்சேவை மூன்று துண்டாக இருந்தது, நடுநடுவே வேறு பேச்சு. முதல் துண்டைச் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசித் துண்டைச் சொடுக்கினேன். இடையில் இருந்த பேச்சும் சேர்ந்து தேர்வானது. ஷிஃப்ட் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். வேண்டியதை மட்டும் பொறுக்க கன்ட்ரோல்தான். ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் ஒவ்வொன்றாகச் சேர்கிறது.

எதிர்சேவை இப்போது ஆற்றுக்கு முன்னால். வண்டியூர் நாலு வரி மட்டும் சன்னமாகக் கேட்டது, கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அப்படியே இடது பக்கம் நகர்ந்து, திரையைப் பெரிதாக்கி, கன்ட்ரோலைப் பிடித்தபடி ஏழு இருமல்களைப் பொறுக்கி ஒரே தட்டில் நீக்கினேன்.

மே 21

மின்வெட்டு. ராத்திரிதான் உட்கார முடிந்தது. ஆற்றில் இறங்கியதற்குப் பின்னால் இருபது விநாடி போல வெறுமை. அந்த இடத்தில் தண்ணீர் குடித்திருப்பார் என்று பின்னால் இருந்ததை முன்னே இழுத்து ஒட்டினேன். முழுப் பாட்டையும் அவர் பேரனின் போனுக்கு அனுப்பியாயிற்று.

மே 24

பெரியப்பா கூப்பிட்டார். நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "ஏன் தாயி, வண்டியூர் வராம சாமி எப்புடி தேனூர் மண்டபம் போனாரு?" என்றார்.

உடனே போய்ப் பார்த்தேன். வண்டியூர்த் துண்டு இல்லை. ஒலியை ஏற்றும்போது தேர்ந்தது, நான் இடது பக்கம் நகர்ந்த பிறகும் தேர்வாகவே இருந்திருக்கிறது. திரைக்கு வெளியே போனதால் தேர்வு விட்டுப்போவதில்லை. கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே இருமல்களைச் சேர்த்ததால் அதுவும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டது.

அன்றைக்கு அந்த வெறுமையையாவது கவனித்திருக்கலாம். தண்ணீர் குடித்திருந்தால் சொம்புச் சத்தம் கேட்டிருக்கும். சும்மா இருந்தாலும் திண்ணையில் காக்கை, காற்று என்று திரையில் ஒலி அலை மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே அலையே இல்லை.

ரீப்பர் மூலப் பதிவைத் தொடுவதில்லை, நாம் வெட்டுவதெல்லாம் திரையில்தான். அதனால் இரண்டு மூலக் கோப்புகளிலிருந்தும் அந்த நாலு வரியை எடுத்து வைத்தேன். இப்போதெல்லாம் நீக்கும் முன் முதலில் வெற்றிடத்தில் ஒரு சொடுக்கு, பழைய தேர்வெல்லாம் விலக. அப்புறம்தான் வேண்டியதைத் தேர்வது. தேர்ந்த பிறகு திரையைச் சுருக்கி, மொத்தப் பாட்டிலும் வேறு எதுவும் நிறம் மாறித் தெரிகிறதா என்று ஒருதரம் பார்க்கிறேன்.

வண்டியூரில் செல்போன் தாளம் குரலுக்கு ஒரு நூல் பின்தங்கிக் கேட்கிறது. நாளைக்கு யு தட்டிக் குழுவைப் பிரித்து, அதை மட்டும் நகர்த்தவேண்டும்.