கறுத்துப் போன மார்மலேட் ஈ

தென் இங்கிலாந்தில் எங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் ஐவிக் கொடி சென்ற அக்டோபரில் பூத்திருந்தபோது, வயிறு ஏறக்குறைய முழுவதும் கறுத்து, இடையிடையே துருநிறக் கீற்றுகள் மட்டும் தெரிந்த ஒரு சிர்ஃபிட் ஈயை (தேனீ போலத் தோன்றி, பூக்களை நாடி வரும் ஈ வகை) படம் எடுத்தேன். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்றதாலும், தேனீயைப் போல நான்கு சிறகுகள் இல்லாமல் இரண்டே இருந்ததாலும் அது சிர்ஃபிட் ஈதான் என்பதில் ஐயமில்லை. எந்த இனம் என்பதில்தான் இரண்டு மாலைப் பொழுதுகள் கரைந்தன. பிரிட்டனில் மட்டும் 280 இனங்கள் வரை உள்ளன. நானோ கையேட்டைப் புரட்டி, நிறத்தோடு நிறத்தைப் பொருத்திப் பார்த்து, மெலனோஸ்டோமா என்று கோப்புக்குப் பெயரும் சூட்டிவிட்டேன்.

அடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. மெலனோஸ்டோமாவின் முகம் கருமையாக மின்னும். இதன் முகமோ மஞ்சள். வயிற்றின் மூன்றாம், நான்காம் கண்டங்களில் பின்விளிம்பையொட்டி அகன்ற கரும்பட்டை ஒன்றும், அதற்கு முன்னால் மீசை போல மெல்லிய பட்டை ஒன்றும் இருந்தன. இந்த இரட்டைப் பட்டை இங்கே எபிசிர்ஃபஸ் பால்டியாடஸ் என்னும் மார்மலேட் ஈக்கே உரியது. கோடையில் அகன்ற ஆரஞ்சுப் பட்டைகளாகப் பார்த்துப் பழகிய இடங்கள் இதில் நூலாக இளைத்திருந்தன.

காரணம் வெப்பநிலை. அசுவினிகளைத் தின்று வளர்ந்த புழு கூட்டுப்புழுவாக இருக்கும் நாட்களில் குளிர் நிலவினால் கருநிறமி மிகுகிறது. வெயில் நிலவினால் கரும்பட்டைகள் சுருங்கி ஆரஞ்சு பெருகுகிறது. ஆகவே கறுத்த ஈ வேற்றினமும் அன்று, நோயுற்றதும் அன்று. இதற்கு மாறாக, வெளிறிய உடலும் பாலாடை போன்ற சிறகுகளும் கொண்ட ஈ கண்ணில் பட்டால், அது கூட்டை விட்டு வெளிவந்து இன்னும் நிறம் ஏறாத ஈயாக இருக்கலாம்.

ட்ரோன் ஈ எனப்படும் எரிஸ்டாலிஸ் டீனாக்ஸ் இன்னும் ஏமாற்றும். வயிற்றின் இரண்டாம் கண்டத்தில் அதன் ஆரஞ்சுத் திட்டு சிலவற்றில் பெரிதாகவும் சிலவற்றில் இல்லாததுபோலவும் இருக்கும். கண்களில் செங்குத்தாக ஓடும் கருமயிர் வரிகளையும், தடித்து வளைந்த பின்காலையும் பார்த்தே அதை உறுதி செய்கிறேன். எரிஸ்டாலிஸ் வகைகளில் சிறகு நரம்பு ஒன்று ஆழமாகக் குழிந்து வளைவதையும் பார்ப்பதுண்டு.

எனவே இப்போது மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் சிறகும் பின்காலும் தெளியும்படி ஒன்று என மூன்று படங்களாவது எடுக்கிறேன். நிழலில் கைபேசிக் கேமரா நீலம் பூசிவிடும் என்பதால், அருகிலுள்ள வெள்ளை இதழ் படத்தில் வெள்ளையாகவே விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன். சென்ற மே மாதம் எடுத்த ஓர் ‘ஊதா’ ஈக்கு மேலிருந்து எடுத்த மங்கலான படம் ஒன்றே உள்ளது. அக்கோப்பின் பெயர் இன்றும் ‘ஈ’தான்.