கல்சட்டிக்குள் அச்சு: மின்சாரம் இல்லாமல் 28 டிகிரி

இன்று மதியம் இரண்டே முக்காலுக்கு மின்சாரம் போனது, நான்கரைக்குத்தான் வந்தது. மூன்றே முக்கால் மணிக்கு அறையில் 37.2 டிகிரி. எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணியான என் ஹாம்ஸ்டர் அச்சுவின் மரப்பெட்டிக்குள் 35.8. பெட்டிக்குப் பக்கத்தில் செங்கல் மேல் வைத்திருக்கும் மண்தொட்டியில், ஈர மணலுக்கு நடுவே பதித்த கல்சட்டிக்குள் 28.4. நம்பிக்கை வராமல் உணரியை வெளியே எடுத்து, மறுபடியும் உள்ளே விட்டுப் பார்த்தேன். அதே 28.4. அச்சு சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். சுருண்டு உறங்கினாள் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. வெயில் தாங்காத ஹாம்ஸ்டர் சுருளாது. வயிற்றைத் தரையோடு ஒட்டி, கால்களைப் பரப்பித் தட்டையாகக் கிடக்கும்.

போன வருடம் ஏப்ரலில், அச்சுவுக்கு முன் வளர்த்த ஹாம்ஸ்டர் மிளகு இதே அறையில்தான் இறந்தான். அன்றும் மின்தடை. ஏ.சி. ஓடும் என்று நம்பி வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வாயோரம் எச்சில் வடிந்து, உடல் துவண்டு கிடந்தான். ஈரத்துணியில் ஏந்தி மருத்துவரிடம் ஓடினேன். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. மின்சாரத்தை நம்பும் எந்த ஏற்பாடும் இனி வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

அச்சுவை வாங்கிய கடையில் சொன்ன யோசனைகளை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டுமாம், மின்விசிறியை நேராகத் திருப்பி வைக்க வேண்டுமாம். நமக்கு விசிறிக் காற்று குளிர்வது தோலில் வியர்வை இருப்பதால். ஹாம்ஸ்டருக்கு நம்மைப் போல் வியர்ப்பதில்லை. 37 டிகிரிக் காற்றை அதன் மேல் வீசினால் 37 டிகிரிக் காற்றுதான் படும். உயிரை விற்கிறவர்கள் இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் விற்கிறார்கள்.

இத்தனைக்கும் இது வெயில் ஊர்ப் பிராணி. 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே இஸ்ரேல் அஹரோனி தோண்டியெடுத்த ஒரு தாயும் குட்டிகளும்தான் இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களுக்கு மூலம். அங்கே வயல்களில் சராசரியாக 65 சென்டிமீட்டர் ஆழத்தில் வளை தோண்டிப் பகலைக் கழிக்கின்றன. வெயிலைத் தாங்குவது பிராணி அல்ல, மண். அந்த மண்ணைப் பெட்டியில் எப்படித் தருவது என்பதில்தான் மூன்று மாதம் போனது.

பானைக்குள் பானை, நடுவில் ஈர மணல் என்ற முறை நம்மில் பலருக்குத் தெரியும். மணலின் ஈரம் வெளிப்பானைச் சுவர் வழியே ஆவியாகும்போது உள்ளே குளிரும். காய்கறிக்கு நன்றாக வேலை செய்யும். ஹாம்ஸ்டருக்கு வைத்த முதல் வாரமே தோற்றேன். உள்பானையும் மண்பானை என்பதால் ஈரம் உள்ளேயும் கசிந்தது. மூன்றாம் நாள் காகிதப் படுக்கை நமுத்து, மூத்திர நெடி மூக்கைத் துளைத்தது. உள்ளே பாலித்தீன் விரித்தேன், கடித்துவிட்டாள். எவர்சில்வர் பாத்திரம் வைத்தேன். குளிர்ந்தது, ஆனால் மணல் காய்ந்த அரை மணியில் சூடேறிவிட்டது. வழுக்கவும் செய்தது.

விடை அம்மாவின் சமையலறையில் இருந்தது. வத்தக்குழம்புக் கல்சட்டி. அதைக் கடைந்து செய்யும் மாக்கல் நீரை உறிஞ்சாது, கசியவிடாது. கனமான கல் என்பதால் ஒரு முறை குளிர்ந்தால் லேசில் சூடேறாது. அதுவும் சேலத்துக்காரர்களுக்குக் கல்சட்டி தேடி அலைய வேண்டிய பொருளா! சட்டி விற்ற கடைக்கார அம்மா, "குழம்புக்கா கண்ணு, ஊறுகாய்க்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் பத்து சட்டிகளைப் புரட்டி, அடி தடித்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாய் எட்டு அங்குலம். வடிகஞ்சியில் நான்கு நாள் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினேன். வழக்கமாகத் தடவும் எண்ணெயைத் தடவவில்லை, அவள் நக்குவாள்.

வெளிப்பாத்திரத்துக்குப் பானை சரிப்படவில்லை, கழுத்து குறுகல். பதினான்கு அங்குல மண் பூந்தொட்டி வாங்கி, அடி ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தேன். வாங்கும்போதே தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் வாங்கலாம். உருண்டு ஓடினால் மேலே ஏதோ பூச்சு இருக்கிறது, வேண்டாம்.

இனி மணல். இதில்தான் அதிக நாள் வீணானது. முதலில் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டைக் (பாறையை உடைத்துச் செய்யும் மணலை) கொட்டினேன். அதன் மாவு போன்ற தூள் மண்தொட்டியின் நுண்துளைகளை அடைத்துவிட்டது; உள்ளே தண்ணீர் நிற்கிறது, தொட்டியின் வெளிச்சுவர் காய்ந்து கிடக்கிறது. சுவரில் ஈரம் இல்லையென்றால் ஆவியாக ஒன்றுமில்லை, குளிர்ச்சியும் இல்லை. வேறு தொட்டி வாங்கி, சலித்துக் கழுவிய ஆற்று மணல் போட்டேன். அடுத்த சிக்கல் தண்ணீர். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடும் உப்பு. பத்தே நாளில் தொட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்து, சட்டிக்குள் 31-க்குக் கீழே இறங்கவே மறுத்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு, இப்போது மேட்டூர் குடிநீரை மட்டும் ஊற்றுகிறேன். குழாயில் வரும் நாளில் ஒரு குடம் அச்சுவுக்கென்று தனியாகப் பிடித்து வைத்துவிடுகிறேன்.

சட்டியின் விளிம்பு மணலுக்கு மேல் ஓர் அங்குலமாவது நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் அவசரமாக ஊற்றி, படுக்கை முழுவதும் நனைந்துபோனது. தொட்டியைப் பெட்டிக்கு உள்ளே வைக்கவும் கூடாது. சுற்றியுள்ள படுக்கை ஈரமாகும். அடியில் தோண்டினால் அத்தனை கனமும் அவள் மேல் சாயும். அதனால்தான் வெளியே, மூன்று செங்கல் மேல், அடியிலும் காற்று ஓடும்படி வைத்திருக்கிறேன். பெட்டியிலிருந்து மூன்று அங்குல பி.வி.சி. குழாய் சட்டிக்கு வருகிறது. குழாயின் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன். சட்டியின் வாய்க்குக் கம்பிவலை மூடி.

பழக்குவதற்கு ஒன்பது நாள். பூசணி விதையை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவிடுவாள். அவளுடைய பழைய படுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டிக்குள் வைத்த இரவில், மீதிக் கூட்டை அவளே கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு வந்து சேர்த்தாள். அந்தச் சரசரப்பைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் குடிக்கிறது தொட்டி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் பனிக்கட்டி உருக எடுத்துக்கொள்வதைப் போல் சுமார் ஏழு மடங்கு. உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதைவிட இது ஏன் மேல் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் பாட்டில்களை நான் கைவிடவில்லை. கோடை மழை பெய்த மறுநாள் காற்றில் ஈரம் ஏறி, தொட்டி 31 டிகிரியிலேயே நின்றுவிட்டது. அன்று இரண்டு பாட்டில்களைச் சட்டியை ஒட்டி மணலில் புதைத்துச் சமாளித்தேன்.

விசிறிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது அச்சுவின் பக்கம் அல்ல, தொட்டியின் ஈரச் சுவரின் பக்கம் திருப்பி வைத்தால் சட்டிக்குள் இன்னும் ஒன்றரை டிகிரி குறைகிறது.

ஏற்காட்டில் இருக்கும் சித்தி, மே முழுவதும் அச்சுவைத் தன்னிடம் விடச் சொல்கிறார். சுமார் 1,500 மீட்டர் உயரம், இங்கேயிருந்து ஏறினாலே எட்டு டிகிரி குறையும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கூண்டோடு குலுங்கிப் போக வேண்டும். பகல் முழுக்க உறங்கும் பிராணியை அப்படி எழுப்பிக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

அடுத்ததாகச் சட்டியின் பக்கவாட்டிலேயே மூன்று அங்குலத் துளை போட்டுக் குழாயை நேராக நுழைக்கப் பார்க்கிறேன். மேலிருந்து இறங்கும் சரிவு அவளுக்கு வயதானால் சிரமம். மாக்கல் மென்மையானது, கடைசல்காரர் துளையிட்டுத் தருகிறேன் என்கிறார். ஈர மணலுக்கு நடுவே அந்தக் குழாயைக் கசிவில்லாமல் பொருத்துவது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை. சிமெண்ட் உப்பில் விரிசல் விடுகிறது. தேன்மெழுகை உருக்கி ஊற்றி, பழைய தொட்டியில் சோதித்துக்கொண்டிருக்கிறேன்; இரண்டு நாளாக ஒரு சொட்டும் ஒழுகவில்லை.