எந்தத் தொட்டி, டீச்சர்?

அந்தப் பாட்டிக்கு நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. "இப்போதைக்கு வீட்டுல வச்சு விளையாடட்டும்மா" என்றேன். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. "விளையாடி முடிச்சப்புறம் இதை எந்தத் தொட்டியில போடறது டீச்சர்? நீலத்திலயா, சாதாரணத்திலயா?" என்றுதான் கேட்டார்.

அவர் கையில் இருந்தது பேத்தி செய்த ரோபோ. உடம்புக்கு அலுமினியப் பான டின்கள், கைகளுக்கு முட்டை அட்டை, கண்களுக்குப் பாட்டில் மூடி. எல்லாவற்றையும் குளூ கன்னால் ஒட்டிக் கொடுத்தது நான். மேலே வெள்ளிப் பெயின்ட், அதற்கும் மேலே கிளிட்டர். "டின்னா இருந்தப்ப பழைய சாமான் வாங்கற காராங் குனிக்காரர் எடுத்துக்கிட்டுப் போயிருப்பார்" என்றார் பாட்டி, குறை சொல்லும் தொனியே இல்லாமல்.

சாதாரணத் தொட்டிதான், வேறென்ன? இங்கே சிங்கப்பூரில் மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாம், பிறகு பிரித்துக்கொள்வார்கள். ஆனால் டின்னும் அட்டையும் மூடியும் பசையில் இறுகிப்போனால் அதை யார் உட்கார்ந்து பிரிப்பது? எரியாலைக்குப் போகும். மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல் வழியாக செமாக்காத் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகும். அந்த நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று இதே கே டூ (பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு) பிள்ளைகளுக்குப் படம் காட்டிச் சொன்னவளும் நான்தான்.

அப்படியென்றால் அந்தக் கைவேலையே வீணா? வீணில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஒட்டுவதற்கு முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து டின்களைக் கழுவினோம். ஒரு பையன் கழுவிய டின்னைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் மறுபடி கவிழ்த்துப் பிடித்தான். மறுபடி ஆட்டினான். சத்தம் நின்ற பிறகுதான் தட்டில் வைத்தான். அதை நான் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். நம் நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாமல் போகிறது. மிச்சச் சோறும் குடித்து மீந்த பானமும் அதற்கு ஒரு காரணம். பெரியவர்கள் செய்யத் தவறுவதை அந்தப் பையன் தானாகவே செய்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றும். உடனே இன்னொன்றும் தோன்றும்: மறுநாள் ரோபோ வரப்போகிறது என்ற ஆசை இல்லாவிட்டால் அந்தப் பையன் அவ்வளவு அக்கறையாகக் கழுவியிருப்பானா? கழுவிக் கவிழ்த்த வெறும் டின்களை மேசையில் அடுக்கி வைத்தால் எந்தப் பெற்றோர் நின்று பார்ப்பார்கள்? பள்ளி முதல்வருக்குக் கண்காட்சி வேண்டும். அதிலும் தப்பில்லை, பிள்ளைகளுக்கே அது பெருமை. ஆனால் 'டின் கொண்டுவா' என்று நாங்கள் சொன்னதற்காகவே கடைக்குப் போய்ப் பானம் வாங்கியதாக ஒரு அம்மா சொன்னார். பாட்டியின் கேள்வியைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. குப்பையைக் குறைக்கச் சொல்லித்தரும் பாடத்துக்காகப் புதிதாகக் குப்பை வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்த முறை பசையும் பெயின்டும் வேண்டாம், ரப்பர் பேண்டும் நூலும் போதும் என்று முதல்வரிடம் சொல்லியிருக்கிறேன். கண்காட்சி முடிந்ததும் பிள்ளைகளே பிரித்து, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் நீலத் தொட்டியில் போட வேண்டும். "தான் செஞ்சதைத் தானே பிரிக்கச் சொன்னா அழமாட்டாங்களா?" என்று அவர் கேட்டார். அழுவார்கள். ரோபோவுக்குப் பெயர் வைத்த பிள்ளைகள் அவர்கள். அழுதாலும் பரவாயில்லை, அதுதான் பாடம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, தான் ஆசையாகச் செய்த பொருளை வைத்துக்கொள்ளும் உரிமைகூட இல்லையா என்று மறுநாள் தோன்றுகிறது. இதில் நான் இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். கழுவுவதற்கு ஒரு முழு வகுப்பு நேரம். செய்வதற்கு அப்புறம் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம்.