வெள்ளையாகத் தெரிவது செத்த தசை

நெஞ்சு வலி வந்தது ஒரு ஞாயிறு மதியம். வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனது மூன்றாம் நாள்.

ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்க்குள் டை விட்டு எடுக்கும் எக்ஸ்ரே) இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தது. எக்கோ என்கிற இதய அல்ட்ராசவுண்டில் இ.எஃப். 35; இதயத்தில் நிறையும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு அது. முன்சுவர் அசையவே இல்லை. உடனே அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன், ஆனால் டாக்டர் அவசரப்படவில்லை. "அசையாத தசை எல்லாம் செத்த தசை இல்லை சார். ரத்தம் போதாம மயங்கிக் கிடக்கலாம். மயங்கினதுக்கு ரத்தம் விட்டா எழுந்துக்கும், செத்ததுக்கு விட்டுப் பிரயோஜனம் இல்லை. எது எதுன்னு எம்.ஆர்.ஐ. சொல்லும்" என்றார். மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்து கான்ட்ராஸ்ட் (படத்தில் வித்தியாசம் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போட்டு இதய எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னார்.

கான்ட்ராஸ்ட் என்றதும் எனக்கு உதறல். ஆஞ்சியோவில் போட்ட டையால் உடம்பெல்லாம் தடித்து அரித்திருந்தது. அது அயோடின், இது கடோலினியம், வேறு வேறு பொருள் என்று டாக்டர் விளக்கினார். ஆனாலும் பழைய அலர்ஜியை ஸ்கேன் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

முதல் தடவை போனது வீண். நான்கு மணி நேரம் பட்டினி கிடந்து ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்தால், "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்கே?" என்றார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. அப்பாயின்ட்மென்ட் கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி கவுண்டரில் ஒரு பாட்டம் சத்தம் போட்டாள். காரணம் புரிந்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. கடோலினியம் தனியாக இருந்தால் விஷம். அதை இன்னொரு மூலக்கூறுக்குள் கட்டிவைத்துத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். அது வெளியேறும் வழி சிறுநீரகம். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் மருந்து உள்ளேயே தங்கிவிடும், கட்டும் அவிழத் தொடங்கும். அப்படிச் சிலருக்குத் தோல் கட்டையாக இறுகிப்போனது 2006 வாக்கில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது அதிகம் போடுவது கூண்டு மாதிரி வளைத்துக் கட்டிய வகை, அதில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் ரத்தப் பரிசோதனை கேட்பது நியாயம்தான். முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இரண்டாம் தடவை மோதிரம், வெள்ளி அரைஞாண், பெல்ட் எல்லாம் மனைவியின் கைப்பைக்குப் போயின. கையில் மருந்து ஏற்ற வென்ஃப்ளான் ஊசிக்குழாய், நெஞ்சில் இ.சி.ஜி. ஒட்டுகள், மேலே கனமான ஒரு பலகை, காதில் ஹெட்போன். குழாய்க்குள் போனதும் தட்டு தடால் சத்தம். அதைவிடக் கஷ்டம் மூச்சுதான். "மூச்சை இழுங்க, வெளியே விடுங்க, அப்படியே நிறுத்துங்க." மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்துவது எவ்வளவு சிரமம் என்று வீட்டில் ஒரு தடவை செய்து பாருங்கள். பத்துப் பதினைந்து விநாடிதான், ஆனால் முப்பது நாற்பது தடவை. போகிறவர்கள் முந்தின நாளே பழகிக்கொண்டு போவது நல்லது.

பாதியில் மருந்து போட்டார்கள். கிலோவுக்கு 0.2 மில்லி, என் 70 கிலோவுக்கு 14 மில்லி. கையில் சில்லென்று ஏறியது, அவ்வளவுதான். அரிப்பு ஏதும் வரவில்லை. மருந்து போகும்போதே சில படங்கள் எடுத்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கூப்பிடுவதற்காகக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன். "பத்து நிமிஷம் காத்திருக்கணும் சார், அசையாதீங்க" என்று அந்த டெக்னீசியன் பெண்ணின் குரல் வந்தது.

அந்தக் காத்திருப்பில்தான் விஷயமே இருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். கடோலினியத்தால் உயிருள்ள செல்லுக்குள் நுழைய முடியாது. செல்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் மட்டும் சுற்றிவிட்டு ரத்தத்தோடு திரும்பிவிடும். மாரடைப்பில் செல் செத்தால் அதன் சுவர் உடைந்துவிடும், மருந்துக்கு வீடு திறந்த மாதிரி. நாளாகித் தழும்பாக மாறினாலும் நார்களுக்கு நடுவே இடம் நிறைய இருக்கும். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துபோன பிறகும் அங்கே மட்டும் தேங்கி நிற்கும். நல்ல தசை கறுப்பாகத் தெரியும்படி மெஷினில் நேரத்தை மில்லி விநாடிக் கணக்கில் சரிசெய்து படம் எடுத்தால், தேங்கிய இடம் பளிச்சென்று வெள்ளையாக வரும்.

என் படத்தை டாக்டர் திரையில் காட்டினார். இதயச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி கறுப்பு வளையம் ஒன்று, அதன் உள்ஓரத்தில் பிறை போல ஒரு வெள்ளைக் கோடு. சேதம் எப்போதும் உட்பக்கத்தில் தொடங்கி வெளியே பரவுமாம். சுவரின் கனத்தில் கால் பங்குக்குள் வெள்ளை இருந்தால் ரத்தம் கிடைத்ததும் பெரும்பாலும் தேறிவிடும், பாதிக்கு மேல் போனால் தேறுவது அரிது. சிகாகோ மருத்துவர்கள் ஐம்பது நோயாளிகளை வைத்து 2000இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு இது என்றார். எனக்கு முன்சுவரில் பெரும்பகுதி கால் பங்குக்குள். இதயத்தின் நுனியில் மட்டும் முழுக் கனமும் வெள்ளை.

ஓமத் தண்ணீர் குடித்த அந்த மூன்று நாள் எனக்கு அந்த வெள்ளையில் தெரிந்தது.

அடுத்த வாரமே ஸ்டென்ட் வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் இ.எஃப். 44. முன்சுவர் அசைகிறது. நுனி அசையவில்லை; அது அசையாது என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார்.